என் விலா வலியை மெய்யென்று நம்பியவர்களுக்கு

காரைக்குடி

பேரன்புடையீர்,

வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் இடப்பக்க விலாவில் அக்கி கண்டது. கொப்புளங்கள் சில வாரங்களில் ஆறிவிட்டன. ஆனால் அவை இருந்த தடத்திலேயே, முதுகிலிருந்து மார்பு வரை கச்சை கட்டியதுபோல், எரிச்சலும் சுரீர் சுரீரென்ற குத்தலும் தங்கிவிட்டன. முந்தானை உரசினாலே துடித்துப்போவேன். தோலில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால், வாயுத் தொல்லை என்றும் வயதின் கோளாறு என்றும் சொல்லி ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்களில் என் சொல்லை முதலில் நம்பியவர் எதிர்வீட்டு ஆச்சி. இரவு இரண்டு மணிக்கு நான் முகப்பில் நடப்பதைப் பார்த்தால், ஏன் எதற்கு என்று கேளாமல் வந்து கூடவே நடப்பார். காவி குழைத்து எனக்கு அக்கி எழுதிய வேளாரையும் இங்கே வணங்குகிறேன். "டாக்டரிடமும் இன்றைக்கே காட்டிவிடுங்கள், டீச்சரம்மா" என்று அவர் அன்றே சொன்னார்; நான்தான் கேட்கவில்லை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவது நல்லது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். இதைப் படிக்கும் நீங்களாவது காலம் தாழ்த்த வேண்டாம்.

மதுரையில் எனக்குச் சிகிச்சை அளித்த வலிநோய் மருத்துவருக்கு என் நன்றி பெரிது. விலா எலும்பின் கீழ்விளிம்பையொட்டி ஓடும் நரம்பை ஒரு தாளில் வரைந்து காட்டி, அக்கிக் கிருமி அதைச் சிதைத்ததால் காயமே இல்லாத இடத்திலிருந்து மூளைக்கு வலிச்செய்தி ஓயாமல் போகிறது என்று விளக்கினார். நரம்பு வலிக்கான மாத்திரைகள் தலைச்சுற்றலைத்தான் தந்தன. நரம்பருகே போட்ட ஊசி சில வாரங்களே தாங்கியது. அதன் பிறகே, தண்டுவடத்தின் உறைக்கு வெளியே மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, சிறு மின்துடிப்புகளால் வலிச்செய்தியை அடக்கும் முறையை எடுத்துச் சொன்னார். 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட 'வாயில் கோட்பாடு' (வலிச்செய்தியை மூளைக்கு விடவோ தடுக்கவோ தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு என்பது) வழிகாட்ட, 1967இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி முதன்முதலில் செய்த சிகிச்சை இது என்றும், வலியை அடியோடு நீக்குமென்று வாக்களிக்க முடியாது என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னதாலேயே எனக்குத் துணிவு வந்தது.

முதலில் ஒரு வாரம் வெள்ளோட்டம். குப்புறப் படுத்து விழித்திருந்த என்னிடம், கம்பியை நூலளவு நகர்த்தி நகர்த்தி, "இப்போது எங்கே தெரிகிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோளில், வயிற்றில் என்று சொல்லிக்கொண்டே வந்த நான், திடீரென்று வலிக்கும் அந்தத் தடத்திலேயே எறும்பு ஊர்வதுபோல் உணர்ந்தபோது "இங்கேதான்!" என்று கத்திவிட்டேன். என் கையைப் பிடித்திருந்த செவிலியரும் கண் கலங்கினார். வலி பாதியாவது குறைந்தால்தான் நிலையாகப் பொருத்துவார்கள். எனக்குப் பத்தில் எட்டாக இருந்தது மூன்றானது. அடுத்த மாதம் இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் மின்கலக் கருவியை வைத்துத் தைத்தார்கள்.

செலவு என் ஓய்வூதியத்துக்கு எட்டாதது. காப்பீடு போக மீதியைப் பங்காளி வீட்டாரும் பழைய மாணவர்களும் ஏற்றார்கள். தொகையை எழுதக் கூடாது என்பது அவர்களின் கட்டளை. கம்பி இடம் நழுவிவிடாதிருக்க ஆறு வாரம் குனியவும் முறுக்கவும் பாரம் தூக்கவும் கூடாது என்றபோது, என் மருமகள் வளவில் கிடந்த தவலை, குடம் யாவற்றையும் அரங்கில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் என் கருவி அட்டையை நிதானமாகப் படித்து, சோதனை வளையத்தைத் தவிர்த்துக் கையால் மட்டும் சோதித்து அனுப்பிய பெண் காவலரையும் மறக்க மாட்டேன்.

இன்றும் சில இரவுகளில் வலி எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் இடப்பக்கம் ஒருக்களித்து உறங்குகிறேன். பேத்தி அந்தப் பக்கமே சாய்ந்துகொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கருவிக்கு மின்னேற்ற வேண்டும். மின்தடை வந்தால் பக்கத்து வீட்டு அண்ணன் தம் இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்துத் தருகிறார். அந்த ஒரு மணி நேரம், இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு முகப்பில்தான் அமர்ந்திருப்பேன். இவ்வழியே வருகிற எவரும் ஒரு வாய் காப்பி குடிக்காமல் போகக் கூடாது.

என்றும் நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை