வெள்ளிக்கிழமைக்குள் 12,650 வெள்ளி: நம் தம்பியின் மேல்முறையீட்டுக்குக் கை கொடுங்கள்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், பந்தலில் வேலை செய்த தம்பி தங்கைகளுக்கும் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் பதினாறு வருடம் மோர் ஊற்றிய நம் தம்பிக்கு, ஒருவர் இறந்த கைகலப்பு வழக்கில், சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் பதினோரு ஆண்டுச் சிறை விதித்திருக்கிறது. மேல்முறையீட்டு மனுவை 24-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். வக்கீல் கட்டணத்தில் இன்னும் 12,650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைகிறது. அது 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய அலுவலகக் கணக்கில் இருக்க வேண்டும்.

பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், அதனால் வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். பெரியவளுக்கு இந்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு.

அன்று இரவு நடந்த கைகலப்பைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறீர்கள். நாங்கள் எதையும் சொல்லப்போவதில்லை. நடக்கிற வழக்குக்கு ஊறு வருகிற மாதிரி வெளியில் எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம். அதற்கென்றே 2016-ல் சட்டம் வந்திருக்கிறது. தயவு செய்து நீங்களும் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதாதீர்கள். குற்றச்சாட்டு கொலை இல்லை, கொலை என்று ஆகாத மரணம் விளைவித்த குற்றம். தம்பி மறுத்து வழக்காடினார், தோற்றார். இவ்வளவுதான் நாங்கள் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. இறந்தவரும் நம்மவர்தான். அவர் காரியத்துக்கு முதலில் வசூல் செய்ததும் இதே குழுதான், 8,400 வெள்ளி கொடுத்தோம். இப்போது இந்தப் பக்கத்துக்கும் கேட்கிறோமே என்று இரண்டு பேர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். அவர்கள் மேல் கோபமில்லை. தம்பி குற்றமற்றவர் என்று நம்புங்கள் என நாங்கள் யாரையும் கேட்கவில்லை. எங்களுக்குள்ளேயே அதில் ஒரே கருத்து இல்லை. மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டுச் சொல்லட்டும், அதுவரைக்கும் காசில்லாமல் வழக்கு நின்றுவிடக் கூடாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்று.

நின்றுவிடும் என்று சும்மா பயமுறுத்தவில்லை. தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். தம்பி அப்படித்தான் கொடுத்தார். அப்புறம் வழக்குப் பதிவேடும் தீர்ப்புக்கான காரணங்களும் கைக்கு வந்ததிலிருந்து இன்னொரு 14 நாள். அதற்குள் மனு போகவில்லை என்றால், மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்குக் காகிதங்கள் வந்தது 10-ஆம் தேதி. தீர்ப்பில் எங்கே பிழை என்று மனுவில் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதில் எழுதாத காரணத்தைப் பிறகு நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பேச முடியாது. அதனால்தான் அவசரத்துக்கு யாரையாவது பிடித்து நாலு வரி எழுதி வாங்கிவிட முடியாது. பொருளாளர் போன வாரம் வக்கீல் அலுவலகத்துக்குப் போனபோது, ஒன்பது நாள் விசாரணையின் காகிதம் மேசையில் முழங்கை உயரத்துக்கு இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலில் கேள்விக்குறி. எதிர்பாராத செலவு வேறு என்னவெல்லாம் வரும் என்று கேட்டதற்கு வக்கீல் ஒழுங்காகப் பதில் சொன்னார். தோற்கவும் வாய்ப்பு உண்டு, மேல்முறையீட்டில் தண்டனை கூடவும் சட்டத்தில் இடம் உண்டு என்பதையும் சொன்னார். தம்பிக்கும் அது தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்.

சரி, கணக்கு.

வக்கீல் கட்டணம் 42,000 வெள்ளி. பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்லத் தடயவியல் மருத்துவர் ஒருவருக்கு 7,600. அச்சு, கட்டு, தாக்கல் செலவு 2,400. ஆக மொத்தம் 52,000. கையில் இருப்பது 29,350. அதில் 11,000 அவர் மனைவி நகையை விற்ற காசு. குழுவில் இருக்கும் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு 500 போட்டு 6,000. மீதி 12,350 உங்களில் பலர் கொடுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் முழுவதும் வேண்டும். மருத்துவருக்கும் அச்சுக்குமான 10,000 மேல்முறையீட்டு விசாரணைக்கு முன் வந்தால் போதும்.

அரசாங்கமே வக்கீல் வைத்துத் தராதா என்று பாதிப்பேர் கேட்கிறீர்கள். மரண தண்டனை வரக்கூடிய வழக்கென்றால் உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வக்கீல் கிடைப்பார். இது அந்த வகை இல்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய பொதுத் தற்காப்பு அலுவலகம் இருக்கிறது; அதற்கு வருமான வரம்பு உண்டு. ஒரே வீட்டில் இருக்கும் மச்சானின் சம்பளமும் சேர்ந்ததில் வரம்புக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது. அந்த மச்சான் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து, நான் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். போய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவைத்தோம்.

பந்தலின் கதை தெரியாத இளையவர்கள் இப்போது அதிகம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1968-க்குப் பிறகு தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் அப்பாமார் சம்பளமில்லா விடுப்புப் போட்டுத்தான் இந்தப் பந்தலைத் தொடங்கினார்கள். சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்புகிற காவடி, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் போய்ச் சேர்வதற்குள் தார் ரோடு காலைச் சுட்டுவிடும். அந்தக் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் முதல் வேலை, மோர் எல்லாம் அப்புறம் வந்தது. மிஞ்சிய காசை என்ன செய்வது என்று பேசி 555 என்கிற சின்னக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கினார்கள். அந்த நோட்டு இன்றும் பொருளாளர் வீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. கிடங்கில் அடிபட்டவருக்கு 2 வெள்ளி, ஊருக்கு உடலை அனுப்ப 5 வெள்ளி, யாரோ ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை. ஓர் இடத்தில் தொகைக்குப் பதிலாக “மோதிரம்” என்று மட்டும் எழுதியிருக்கிறது. யார் மோதிரம் என்று இன்றுவரை தெரியாது, எழுதியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

குழுவின் மூத்தவர் கூட்டத்தில் ஒன்று சொன்னார். அவர் இளவயதில் கடைசி முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகும். அங்கே வக்கீல் வைப்பதென்றால் கப்பலையே விலைக்கு வாங்குகிற மாதிரி. தெரிந்த ஒருவர், நியாயம் இருந்தும் காசில்லாமல் விட்டுவிட்டாராம். 1994 ஏப்ரலில் அந்தக் கதவு மூடி, நம் மேல்முறையீட்டு நீதிமன்றமே கடைசி என்று ஆனது. சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் வந்துவிடும், உச்சியில் பெரிய தட்டு வைத்த மாதிரி நிற்கிற அந்தக் கட்டடம். தம்பியின் அம்மாவை ஒருநாள் அங்கே கூட்டிப்போனோம். உள்ளே வரவில்லை. வெளியில் நின்று, அவ்வளவு உயரத்திலா கேட்பார்கள் என்றார். ஆமாம்மா, அந்தத் தட்டில்தான் என்றோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வெயில் நேரம், நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போக முடியாது. தேக்காவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணன், பெயர் வேண்டாம் என்று சொல்லி 3,000 கொடுத்தார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் எலுமிச்சை கொடுப்பவரும் அவர்தான். துவாஸ் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து ஒரே அறைத் தம்பிமார் பதினாறு பேர், ஆளுக்கு 40 வீதம் 640 வெள்ளி. அவர்கள் சம்பளம் என்ன என்று நமக்குத் தெரியும். இரண்டு பேரிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம், கோபித்துக்கொண்டார்கள். துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் இரண்டு வெள்ளி நோட்டுகள் பத்தை ரப்பர் போட்டுக் கொண்டுவந்தார். காளியம்மன் கோயிலில் தம்பி பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு மீதியை இங்கே கொடுத்த அம்மாவுக்கும், சீன நண்பர்கள் இருவர் சிவப்பு உறையில் வைத்துக் கொடுத்ததற்கும் நன்றி. நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும். மோர் டிரம்மில் அவர் கறுப்பு மை பேனாவால் “நீர்மோர் – உப்பு குறைவு” என்று எழுதி வைத்தது இன்னும் அழியவில்லை. அந்த மோரைக் குடித்தவர்கள் நாம். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாற்காலி தூக்கினார், வீடு மாறியபோது ஃபிரிட்ஜ் தூக்கினார். புதன், சனி, ஞாயிறு நாலு நம்பர் லாட்டரிக்கு வரிசையில் நிற்கிற காசில் ஒரு வாரக் காசு போதும். அம்மன் தலைமேல் வைத்த கையை எடுக்கமாட்டாள் என்று நாங்களும் நம்புகிறோம். ஆனால் வக்கீல் கட்டணம் அம்மன் கட்டமாட்டாள்.

பணத்தைக் குழுவில் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். பேநவ் (கைப்பேசிப் பணப்பரிமாற்றம்) மூலம் வக்கீல் அலுவலகத்தின் கட்சிக்காரர் கணக்குக்கே நேராகப் போகும், விவரம் பொருளாளரிடம். பேநவ் இல்லாதவர்கள் மட்டும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வழக்கமான காப்பிக்கடைக்கு வரலாம். இரண்டு வெள்ளிக்கும் ரசீது உண்டு. இந்தக் கடிதம் நம் உறுப்பினர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டுமே. புளோக் புளோக்காகக் கதவைத் தட்டி வசூலிக்க அனுமதி வாங்க வேண்டும், நாங்கள் வாங்கவில்லை. யாரும் அப்படிக் கிளம்பிவிடாதீர்கள். மிச்சம் விழுந்தால் பிள்ளைகள் படிப்புக்கு. மேல்முறையீடு தோற்றாலும் பணம் திரும்ப வராது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

தருகிறேன் என்று போன கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டு இன்னும் அனுப்பாதவர்கள் பதினோரு பேர். பெயர்களைப் போடவில்லை. வியாழன் இரவு வரை போடமாட்டோம்.

குழுவினர்