'பால் இல்லை' என்று சொல்லிக் கொடுத்த பபிள் டீ குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு உங்கள் பபிள் டீ கடைக்கு வந்திருந்தோம். என் மகளுக்குப் பால் புரத ஒவ்வாமை உண்டு. வெளியில் எங்கே சாப்பிட்டாலும் அதைச் சொன்ன பிறகுதான் ஆர்டர் கொடுப்போம். அன்றும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "குழந்தைக்குப் பால் துளிகூட ஆகாது, டாரோ டீயில் பால் சேருமா?" என்று கேட்டேன். "நாங்கள் பாலே ஊற்றுவதில்லை, பாலுக்குப் பதிலாகப் போடும் க்ரீமர் பவுடர்தான். தைரியமாகக் கொடுங்கள்" என்றார்.

நாலு வாய் குடிப்பதற்குள் அவளுக்கு உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது. மருத்துவர் எழுதித் தந்த மருந்து எப்போதும் கைப்பையில் இருக்கும் என்பதால் உடனே கொடுத்தோம். அப்புறம் மருத்துவமனைக்கு ஓடினோம். இப்போது நன்றாக இருக்கிறாள்.

கடையிலிருந்து கிளம்பும் முன் அந்த பவுடர் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் 'நான் டெய்ரி', அதாவது பால் சேராதது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட், பாலிலிருந்து எடுக்கப்பட்டது என்று போட்டிருந்தது. கேசினேட் என்பது கேசின் என்ற பால் புரதம்தான், பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அதுதான். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தப் பவுடரும் பாலும் ஒன்றுதான். "பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே" என்றார் உங்கள் கிளை மேலாளர். கவுன்டருக்கு உள்ளே இருக்கும் பாக்கெட்டை வாடிக்கையாளர் எப்படிப் படிப்பது?

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. 'க்ரீமரில் பால் இல்லை' என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கோபமெல்லாம் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். பால் டீ குலுக்கிய ஷேக்கரைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு, அடுத்த பழ டீயை அதிலேயே குலுக்குகிறார்கள். சீஸ் பன்னை எடுத்த இடுக்கியாலேயே சாதா பன்னையும் எடுத்து வைக்கிறார்கள். பால் சேராததாகப் பார்த்து வாங்கினாலும் இப்படி ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் கோப்பைகளில் டீயோடு போட்டிருந்த முத்து உருண்டைகள் வேறு நடுவில் மாவாகக் கெட்டித்துக் கிடந்தன. மரவள்ளி மாவு முத்து வெந்த சில மணி நேரத்துக்குத்தான் மெத்தென்று இருக்கும், குளிர்பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். பழைய முத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் அகலமான ஸ்ட்ராவில் சர்ரென்று உறிஞ்சும்போது அப்படி ஒன்று தொண்டையில் போய் அடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். க்ரீம் பஃப் நமத்துப் போயிருந்தது, சரி, அதை விட்டுவிடுகிறேன்.

பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடையில் சொன்னார்கள், நான் வாங்கவில்லை. ஒவ்வொரு பானத்திலும் பேஸ்ட்ரியிலும் பால், முட்டை, கோதுமை, கொட்டை வகைகள் எவையெல்லாம் சேர்கின்றன என்ற பட்டியல் எல்லாக் கிளைகளிலும் கவுன்டர் முன்னால் தெரிய வேண்டும். ஒவ்வாமை என்று சொல்பவர்களுக்குத் தனி ஷேக்கர், தனி இடுக்கி வேண்டும். உறுதியாகத் தெரியாவிட்டால் "இருங்கள், பாக்கெட்டைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல ஊழியர்களைப் பழக்குங்கள்.

இவற்றில் எதை, எப்போது செய்யப்போகிறீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். பில்லின் நகல், பாக்கெட்டின் படம், மருத்துவரின் சீட்டு மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்