பாப்பாவுக்கு: ஜோவாவோவின் கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தை வைத்துப் பழக

அன்புள்ள பாப்பாவுக்கு,

போஸா நோவா (பிரேசிலின் மென்மையான இசைவகை) கிட்டார் பழக எந்த ஆல்பம் நல்லது என்று கேட்டிருந்தாய். ஸ்டான் கெட்ஸின் சாக்ஸபோன் வரும் ‘கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ’ (1964) ஆல்பத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது இப்போதைக்கு வேண்டாம். போஸா நோவாவின் முன்னோடிப் பாடகர் ஜோவாவோ ஜில்பெர்ட்டோ கடைசியாக ஸ்டூடியோவில் பதிந்த ‘ஜோவாவோ வோஸ் இ வியோலாவ்’ (2000) எடுத்துக்கொள். பத்துப் பாட்டு, அரை மணி நேரம்தான். தயாரிப்பு கேட்டானோ வெலோசோ, அவரும் பிரேசில் பாடகர்தான். கிராமி வாங்கியது, ஆனாலும் முதல் தடவை கேட்கும்போது சப்பென்று தோன்றலாம். ஒரு குரலும் ஒரு கிட்டாரும் தவிர எதுவுமே இல்லை. பழகுகிறவர்களுக்கு அதுதான் வசதி, வலது கை செய்வதெல்லாம் அப்படியே காதில் விழும்.

இதில் வரும் ‘சேகா டி சவுடாடி’ பாட்டு அவருடைய 1959 ஆல்பத்திலும் உண்டு, வாத்தியக் குழுவோடு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். ஹெட்போன் கட்டாயம், ஃபோன் ஸ்பீக்கரில் கட்டைவிரல் அடிக்கும் தாழ்ந்த ஸ்வரம் (பேஸ்) காணாமல் போய்விடும்.

இனி கைக்கு வா. நைலான் கம்பி, பிக் (கம்பி மீட்டும் தகடு) வேண்டாம். நாலு தகதிமி சொல். ஒவ்வொரு ‘த’விலும் கட்டைவிரல். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் ஒன்றாகக் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) கிள்ள வேண்டிய இடங்கள்: முதல் தகதிமியில் ‘த’, ‘மி’, இரண்டாவதில் ‘தி’, மூன்றாவதில் ‘தி’, நாலாவதில் ‘க’. ஜோவாவோ இதையே அச்சாக வாசிப்பதில்லை, பாட்டுக்குப் பாட்டு நகர்த்துவார். ஆனால் தொடக்கத்துக்கு இது போதும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டு வை, ஒரு தட்டுக்கு ஒரு தகதிமி.

பலரும் வழுக்குவது அந்த முதல் ‘மி’யில். அடுத்த ‘த’வுக்குச் சற்று முன்னால் வருவதால் விரல்கள் கட்டைவிரலோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் கட்டைவிரலை மட்டும் தனியாக ஓடவிட்டு, ‘மி’யை வாயால் சொல்லிப் பழகு. பேஸ் ஸ்வரத்தை மாற்றி மாற்றி அடிக்க அவசரப்படாதே. ஜோவாவோ பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தைத்தான் திரும்ப அடிப்பார். கார்டு ரொம்ப நேரம் ஒலித்தால் தாளம் குழையும், இடது கை அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்து.

பாடுவது பிறகு. அவர் வரியை முன்னே தள்ளுவார், பின்னே இழுப்பார், கையின் தாளம் மட்டும் மாறாது. உன் கை ஓடும்போது யாரிடமாவது பேசிப் பார். தடுமாறினால் பாட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை. பாடும்போது குரலில் அதிர்வு, கமகம் எதுவும் வேண்டாம், பேசுகிற சத்தம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பதிந்து அனுப்பு. கட்டைவிரல் மட்டும், இரண்டு நிமிடம்.

அப்பா