மீட்டரில் 24,600 கி.மீ. காட்டி விற்ற போர்ஷே பாக்ஸ்டர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
பாக்ஸ்டர் காரை வாங்கிய வாடிக்கையாளர்,
கப்பலூர், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
பழைய சொகுசுக் கார் விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டி விற்கப்பட்ட போர்ஷே பாக்ஸ்டர் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தருமாறு கோருதல்.

ஐயா,

வணக்கம். 2025 பிப்ரவரியில் உங்கள் ஷோரூமில் வெள்ளை நிற போர்ஷே பாக்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 41 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ஜெர்மனியில் முழுதாகக் கட்டி இறக்குமதியான வண்டி, 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர், கேரளப் பதிவு. முழுப் பணமும் என் வங்கிக் கணக்கிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். மூலம் வந்தது, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் ஒரு சதவீத டி.சி.எஸ். வரித் தொகையையும் தனியாக வாங்கிக்கொண்டீர்கள். உங்கள் விலைப்பட்டியலில் வண்டி ஓடிய தூரம் 24,612 கி.மீ. என்று அச்சாகியிருக்கிறது. கீழே உங்கள் நிறுவன முத்திரையும் இருக்கிறது.

அந்த எண் பொய். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு ஷாஃப்ட், புஷ், பிளாஞ்ச் என்று கடைந்து கொடுத்துச் சேர்த்த பணம் இது. மதுரையில் எதற்கு இந்த வண்டி, ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுமே என்று கேட்டவர்கள் நிறையப் பேர். விடிகாலையில் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி, தேனி ரோட்டில் கூரையைத் திறந்துவிட்டு ஓட்ட வேண்டும் என்பது என்னுடைய நெடுநாள் ஆசை. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இருந்ததில்லை. வாங்குவதற்கு முன்னால் என்னால் முடிந்த அளவு கேட்டேன், பார்த்தேன். ஆனால் இந்தக் காரில் கண்ணால் பார்க்க முடிவது கொஞ்சம்தான் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்ஜின் முன்னாலும் இல்லை, பின்னால் டிக்கியிலும் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற கார்களைப் போல பானெட்டைத் தூக்கி எட்டிப் பார்க்கும் வசதியே கிடையாது. பின் டிக்கியில் ஆயிலும் கூலன்ட்டும் ஊற்றும் மூடிகள் மட்டும் தெரியும். அதனால் வாங்குகிறவன் நம்பக்கூடியது மூன்றுதான்: மீட்டர், சர்வீஸ் தாள்கள், விற்கிறவரின் வார்த்தை. சர்வீஸ் புத்தகம் முந்தைய உரிமையாளரிடம் தொலைந்துவிட்டது என்றீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் நிறுவனத்தின் "150 அம்சச் சோதனை அட்டை"யைக் கொடுத்தீர்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது.

சித்திரை வெயில் தொடங்கியதும் ஏ.சி. குளிரவில்லை. போனில் சொன்னதற்கு, கேஸ் குறைந்திருக்கும், எந்தக் கடையிலும் நிரப்பிக்கொள்ளலாம் என்றார் உங்கள் ஊழியர். நிரப்பினோம். சில நாளில் மறுபடி வெறும் காற்று. இங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் முன் பம்பரைக் கழற்றிக் காட்டினார். பாக்ஸ்டரில் ரேடியேட்டர்கள் முன்பக்கம் இரண்டு மூலையிலும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்கள். பம்பரில் உள்ள காற்றுவாய் வழியாகச் சருகு உள்ளே போய் அங்கேயே தங்கும், மழை ஈரத்தோடு சேர்ந்து மட்கும், அலுமினியத் தகடுகளை அரிக்கும். இந்த வண்டிகளுக்கே உரிய வியாதி இது. வருடம் ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் வராது. என் வண்டியில் கை நிறைய அள்ளும் அளவுக்குச் சருகும் மண்ணும் கெட்டியாகப் படிந்திருந்தன. இடது கண்டென்சரின் தகடுகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. சரி, பழைய வண்டி, இது நடக்கக்கூடியதுதான். ஆனால் உங்கள் அட்டையில் ஏ.சி.க்கு நேரே "மிக நன்று" என்று எழுதியிருக்கிறது. அந்த அட்டையை எழுதியவர் பம்பரைத் தொடவே இல்லை.

மதுரையில் போர்ஷேவுக்கு அதிகாரப்பூர்வ சர்வீஸ் கிடையாது. அதனால் கண்டென்சர் மாற்றக் கொச்சிக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே கணினியை இணைத்து இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் அறிக்கையை எடுத்தார்கள். டி.எம்.இ. ரிப்போர்ட் என்பார்கள். போர்ஷே வாங்குகிற, விற்கிற எல்லோருக்கும் தெரிந்த தாள் இது. உங்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது அதில் பதிவாகியிருக்கும்.

என் பட்டறை ஜெனரேட்டரில் மணி மீட்டர் இருக்கிறது. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் அதைப் பார்த்துத்தான். அதனால் அந்தத் தாளை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் ஓடிய நேரம் 2,380 மணி. அன்று டாஷ்போர்டில் இருந்த எண் 25,180 கி.மீ. இரண்டையும் வகுத்தால் சராசரி வேகம் மணிக்குப் பத்தரை கி.மீ. சொச்சம். சைக்கிள்காரர் இதைவிட வேகமாகப் போவார். நான் ஓட்டிய தூரத்துக்கு வண்டியே சராசரி வேகம் காட்டுகிறது. காளவாசல், பெரியார் பேருந்து நிலையம், கோரிப்பாளையம் என்று மாலை நெரிசலில் ஊர்ந்தால்கூட அது 15-க்குக் கீழே இறங்கியதில்லை. நான்கு வழிச்சாலை கொஞ்சம் கலந்தால் 30-ஐத் தாண்டிவிடுகிறது. 2,380 மணி நேரத்தை மணிக்கு 30 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுபதாயிரத்தைத் தாண்டும்.

கணக்கு மட்டும் போதாது என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் அடுத்த தாளையும் இணைத்திருக்கிறேன். சேசிஸ் எண்ணை வைத்துக் கொச்சி சர்வீஸ்காரர்களின் பழைய பதிவைத் தேடச் சொன்னேன். 2019 ஜூனில் இதே வண்டி சர்வீஸுக்கு வந்திருக்கிறது. அன்று மீட்டரில் இருந்தது 52,870 கி.மீ. ஆறு வருடத்துக்கு முன்னால் ஐம்பத்து இரண்டாயிரத்தைத் தாண்டிய வண்டி உங்கள் ஷோரூமில் இருபத்து நாலாயிரத்துக்கு இறங்கியது எப்படி? மீட்டர் பெட்டியில் இருக்கும் எண்ணை மாற்றியவர்கள் இன்ஜின் கணினியில் இருந்த மணியை விட்டுவிட்டார்கள். ஸ்டீயரிங் தோல் வழுவழுப்பானதும், ஓட்டுநர் இருக்கையின் வலது விளிம்பு வெடித்திருப்பதும், பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகம் தட்டும் அளவுக்குத் தேய்மானம் இருப்பதும் ஏன் என்று இப்போது புரிகிறது. "வெயிலில் நின்ற வண்டி சார்" என்று அன்று உங்கள் விற்பனையாளர் சொன்ன பதிலும் நினைவிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எழுபதாயிரம் ஓடிய பாக்ஸ்டர் என்று சொல்லியிருந்தாலும் நான் பார்க்க வந்திருப்பேன். ஒழுங்காக ஓடி, ஒழுங்காக சர்வீஸ் ஆன எழுபதாயிரம் கி.மீ. வண்டி, ஷெட்டில் வருடக்கணக்கில் நின்று ரப்பரெல்லாம் காய்ந்துபோன இருபதாயிரம் கி.மீ. வண்டியைவிட நல்ல வண்டி என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதன் விலை வேறு. அதைவிட முக்கியமாக, அதைப் பராமரிக்கும் முறையே வேறு. ஸ்பார்க் பிளக், டிரைவ் பெல்ட், பி.டி.கே. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில், பிரேக் பேடு, டிஸ்க் எல்லாவற்றுக்கும் கி.மீ. கணக்கும் வருடக் கணக்கும் உண்டு. மீட்டரைத் திருப்பியவர்கள் என் பணத்தை மட்டும் எடுக்கவில்லை. எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட வேண்டும் என்ற தகவலையே அழித்திருக்கிறார்கள். விருதுநகர் போகும் நான்கு வழிச்சாலையில் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இருபத்தைந்தாயிரம் ஓடிய பிரேக் என்று நம்பி இதை ஓட்டியிருக்கிறேன். இதை நினைக்கும்போது வரும் கோபத்தை இந்தக் கடிதத்தில் முழுதாக எழுத முடியாது.

டயர் விஷயமும் அப்படித்தான். "டயர் கிட்டத்தட்ட புதுசு" என்றார்கள். பட்டை ஆழமாகத்தான் இருக்கிறது. ஆனால் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் 3117, அதாவது 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம் தயாரானது. பின் டயர் இரண்டிலும் பக்கவாட்டில் மயிரிழை விரிசல்கள். உங்கள் அட்டையில் அதற்கும் டிக். 2014 மாடல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து "டி" (D), அது 2013-ஐக் குறிக்கும். 2014 என்பது பதிவான வருடம். இதைப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. மற்றதெல்லாம் உண்மையாக இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

இவ்வளவு ஆதாரத்தையும் அனுப்பிய பிறகு உங்கள் மேலாளர் போனில் சொன்ன பதில்: "செகண்ட் ஹேண்டுன்னா கிலோமீட்டருக்கு யாருமே கேரண்டி தர மாட்டாங்க சார்." அப்புறம் ஒரு இலவச சர்வீஸும் செராமிக் கோட்டிங்கும் செய்து தருவதாகச் சொன்னார். எனக்கு வண்டி பளபளப்பாக இல்லை என்று நான் புகார் சொல்லவில்லை, ஐயா. கேரண்டி தர முடியாத எண்ணாக இருந்தால் அதை விலைப்பட்டியலில் அச்சடித்து, முத்திரை வைத்து, அந்த எண்ணைக் காட்டி விலையை ஏற்றியது ஏன்? பேரம் பேசும்போது, "இந்தியாவில் இவ்வளவு குறைவாக ஓடிய பாக்ஸ்டர் வேறு கிடைக்காது" என்பதைத்தானே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்?

மீட்டரைத் திருப்பியது நீங்களா, உங்களுக்கு விற்றவரா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடம் பணம் வாங்கியது நீங்கள். பழைய வாகன விற்பனையாளர்களுக்கான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உங்களைப் போன்ற நிறுவனம் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். கையில் இருக்கும் வண்டியை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்காக, யார் ஓட்டினார்கள், எவ்வளவு ஓடியது என்று மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டில் இந்த வண்டிக்கான பக்கங்களையும், முந்தைய உரிமையாளரிடமிருந்து நீங்கள் வாங்கியபோது எழுதிய ஒப்பந்தத்தையும், அன்று எடுத்த மீட்டர் புகைப்படத்தையும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் இந்தத் தாள்களே அதைக் காட்டும்.

என் கோரிக்கை இதுதான். விலையாகக் கொடுத்த 41 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், அதோடு இன்சூரன்ஸ், கண்டென்சர், கொச்சி சர்வீஸ் செலவுகளும் எனக்குத் திரும்ப வேண்டும். பில்கள் அனைத்தும் இணைப்பில் உள்ளன. வண்டியை உங்கள் செலவில் லாரியில் ஏற்றிப் போகலாம். பட்டறை ஷெட்டில் மூடி வைத்திருக்கிறேன், இனி ஓட்டப் போவதில்லை. கேரளத்திலிருந்து வர வேண்டிய தடையில்லாச் சான்றை வாங்கி மதுரைக்குப் பெயர் மாற்றித் தருவதாகச் சொன்ன வேலையும் இன்னும் முடியவில்லை. அதை அப்படியே நிறுத்திவிடுங்கள். விலையில் கொஞ்சம் குறைத்து முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு வேண்டாம். பொய்யான மீட்டரோடு இந்த வண்டியை நான் வைத்துக்கொண்டால், நாளைக்கு விற்கும்போது இன்னொருவரிடம் இதே பொய்யை நான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு நான் தயாராக இல்லை. நீங்கள் திரும்ப எடுத்த பிறகும், உண்மையான கி.மீ.யை எழுதித்தான் இதை விற்க வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள், போனில் வேண்டாம். இல்லையென்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. "கோவை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்" என்று விலைப்பட்டியலின் பின்னால் சிறிய எழுத்தில் நீங்கள் அச்சிட்டிருப்பது அதைத் தடுக்காது. ஏமாற்றி விற்றதற்காக பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவின் கீழ் காவல் துறையிலும் தனியாகப் புகார் தருவேன்.

டி.எம்.இ. அறிக்கை, 2019 சர்வீஸ் பதிவு, உங்கள் விலைப்பட்டியல், சோதனை அட்டை, கண்டென்சர், டயர் புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன. வண்டியை எடுக்க வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஞாயிறு தவிர எந்த நாளும் பட்டறைக்கு வரலாம். பணம் கணக்கில் ஏறியதும் சாவியைக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கப்பலூர், மதுரை.