பூஸ்டைக் கூட்டாதே என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பழைய வால்வோ 740 டர்போ, போன வாரம் வட கலிஃபோர்னியாவில் உள்ள தண்டர்ஹில் பந்தயத் தடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிவிட்டு, யாரும் கயிறு கட்டி இழுக்காமல் தானாகவே டிரெய்லரில் ஏறியது. இன்ஜினைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டிய பிறகு நடந்த முழுநாள் சோதனை இது. அடுத்த மாதம் பந்தயம். அது எப்படிப் போனாலும், இதுவரை கை கொடுத்தவர்களுக்கு இப்போதே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பந்தயம் முடிந்தபின் எழுதினால் ஜெயித்த கதையோ தோற்ற கதையோ நடுவில் புகுந்துகொண்டு, உங்களைப் பின்னால் தள்ளிவிடும்.

விவரம் தெரியாத உறவினர்களுக்காக: நாங்கள் ஓடப்போவது '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. 2006-ல் ஜே லாம் என்பவர் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. காருக்கு 500 டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் காக்கும் இரும்புக் கூண்டு), சீட், பெல்ட், பிரேக் போன்ற பாதுகாப்புச் சாமான்கள் அந்தக் கணக்கில் வராது. பெயரில் 24 மணி நேரம் இருந்தாலும், பெரும்பாலும் இரண்டு பகல்களில் 14, 15 மணி நேரம்தான் ஓட்டம். 2025-ல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பிலும் "நீங்களும் அந்த மாதிரிதானா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அவர்கள் ஓட்டியது போர்ஷே. நாங்கள் ஓட்டுவது, யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலிலிருந்து எடுத்துப்போனால் போதும் என்று கொடுத்த 1990-ஆம் வருஷத்துப் பெட்டி.

முதல் நன்றி, தலைப்பில் சொன்னவர்களுக்கு. இன்ஜின் கட்டி முடித்ததும் எங்களுக்கு வந்த ஆசை, டர்போ கார் வைத்திருக்கும் எவருக்கும் வருவதுதான்: பூஸ்டை, அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, கூட்டுவது. கம்பெனியிலிருந்து வரும்போது சுமார் 160 குதிரைத்திறன். ஒரு சின்ன வால்வைத் திருகினால் இன்னும் நாற்பது கிடைக்கும். அலுவலகத்தில் எங்களோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சுற்றுக்கு 2 நொடி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போ பழுத்து, ஏதோ ஒன்று உடைந்து, பிட்டில், அதாவது தடத்தோரம் காரைப் பழுது பார்க்கும் இடத்தில், ஒரு மணி நேரம் நின்றால் 3,600 நொடி போச்சு. அதைத் திரும்பப் பிடிக்க 1,800 சுற்று வேண்டும். அந்த வாரக்கடைசி முழுக்க ஓடினாலும் 380 சுற்றைத் தாண்டாது. "மிச்சத்தை அடுத்த ஜென்மத்தில் ஓட்டிக்கங்க" என்று தாளை மடித்துக் கொடுத்தார். பூஸ்ட் 0.6 பாரிலேயே நின்றது. அந்தத் தாள் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அடுத்தது கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தி ஓய்ந்த மாமா. இந்த இன்ஜினின் உள்ளே இருப்பதில் பாதி அவருடைய புத்தி. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே வருவதற்கு முன்பே பந்தய இன்ஜின்களுக்கு வேலை செய்தவர். அங்கே அவருக்கு ராத்திரி பத்து மணி, இங்கே எங்களுக்குக் காலை. ஃபோனை வைஸில் மாட்டி வைத்துவிட்டு, பிஸ்டன் ரிங் ராவுவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ரிங் ராவுவது பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையம். அதை சிலிண்டருக்குள் விட்டால் அதன் இரண்டு முனைகளுக்கு நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருக்கும். டர்போ இன்ஜினில் சூடு அதிகம், ரிங் நீளும். இடைவெளி பற்றாவிட்டால் முனைகள் முட்டிக்கொண்டு, போக வழியில்லாமல் பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும். எங்கள் 96 மி.மீ. துளைக்கு மாமா சொன்ன அளவு 0.45 மி.மீ. ஒரு முனையை மட்டும் ராவ வேண்டும், இரண்டையும் தொடக் கூடாது. அரத்தை வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தள்ள வேண்டும். மாற்றி இழுத்தால் முகத்துப் பூச்சு பிய்ந்துவிடும். நாலு தள்ளு தள்ளிவிட்டு, பிசிறு நீக்கி, சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ரிங்கைச் சமமாக இறக்கி, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மறுபடி நாலு தள்ளு. ஒரு ரிங்குக்கே அரைமணி ஆகும். நடுவில் யாராவது போதும் என்று நிறுத்தினால் ஃபோனிலிருந்து குரல் வரும்: "கண்ணு, நாப்பத்தஞ்சுன்னா நாப்பத்தஞ்சுதான். நாப்பத்திரெண்டுல நிறுத்தீட்டுச் சிரிக்காத."

ஹெட் போல்ட் முறுக்கும்போதும் அவர்தான் எண்ணினார். முதலில் எல்லாம் 20 நியூட்டன் மீட்டர், அடுத்த சுற்றில் 60, கடைசியில் ஒவ்வொன்றும் கால் திருப்பு. நடுவிலிருந்து வெளியே. அந்தக் கால் திருப்புக்கு வேண்டிய நீள டார்க் ரெஞ்சைக் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) கொடுத்தவர் மில்பிடாஸ் நண்பர். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்க் சென்சார் வயரைக் கழற்றிவிட்டு, பற்றவைப்பே இல்லாமல் இன்ஜினைச் சுழலவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் வயரை மாட்ட விட்டார் மாமா. டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அது உட்கார்ந்திருப்பது மெல்லிய ஆயில் படலத்தின்மேல். அங்கே ஆயில் போய்ச் சேருமுன் இன்ஜின் சீறினால் அன்றோடு கதை முடிந்தது.

ரோல் கேஜ் வெல்டிங் செய்த ஹேவர்ட் பெரியவருக்கு ஸ்பானிஷில் சொல்ல வேண்டிய நன்றியை நேரில் சொல்லிவிட்டோம். அவருடைய வெல்டைப் பரிசோதகர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த காருக்குப் போனார். அந்த வேலையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வயரிங் முழுக்க யாழ்ப்பாணத்து அக்காவின் கைவேலை. பாட்டரியைத் துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணைத்தால் இன்ஜினும் நின்றாக வேண்டும் என்பது விதி. கேட்க எளிது. பாட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்திலேயே இன்ஜின் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும். தீப்பிடித்த காரை நிறுத்த ஓடிவருபவர் சுவிட்சைத் திருப்பியும் கார் நிற்கவில்லையென்றால் என்ன ஆகும்? அக்கா இரண்டையும் பிரித்து வயர் போட்டு, ஒவ்வொரு முனையிலும் தன் கையெழுத்தில் சீட்டு ஒட்டி, "இதை ஒருத்தரும் தொடப்படாது" என்றும் எழுதி வைத்திருக்கிறார். ஒருத்தரும் தொடவில்லை, அக்கா.

இனி சோதனை நாள். தண்டர்ஹில் இருப்பது வில்லோஸ் ஊருக்குப் பக்கத்தில், ஐ-5 நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே சில மைல் தள்ளி. போகிற வழியெல்லாம் நெல் வயல். முதல் தடவை பார்ப்பவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். வெயிலும் அதே மாதிரிதான். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்.

காலையில் இரண்டு பிரச்சினை தலைகாட்டியது. ஒன்று, இரண்டாம் வளைவு. இடப்பக்கமாக நீண்டுகொண்டே போகும் வளைவு அது. அதில் ஆயில் முழுக்க, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பின் வலப்பக்கம் ஒதுங்கிவிடும், உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும். சம்புக்குள் தடுப்புத் தகடு வைக்கச் சொல்லி, தகட்டையும் வெட்டிக் கொடுத்த தம்பி முன்பே இதைச் சொல்லியிருந்தார். பிரஷர் 1.5 பாருக்குக் கீழே இறங்கினால் எரியும்படி, கண்ணில் குத்துகிற அளவுக்குப் பெரிய சிவப்பு விளக்கு ஒன்றையும் மாட்டியிருந்தார். அன்று அந்த விளக்கு ஓரிரு முறை சிமிட்டியது. ஆயிலை அரை லிட்டர் கூட்டினோம், அதோடு நின்றது.

இரண்டாவது, நீலப் புகை. ஐந்தாம் வளைவுக்கு சைக்ளோன் என்று பெயர். மேடேறி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இறங்கும். இறக்கத்தில் காலை எடுத்ததும் பின்னால் நீலமாகப் புகை. ரிங் போச்சு என்று எங்களுக்கு வயிறு கலங்கியது. மாமாவை எழுப்பலாம் என்றால் அங்கே நடுராத்திரி. அப்போது பக்கத்துப் பிட்டில் மகனுக்குத் துணையாக வந்திருந்த பஞ்சாபிப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். ஃப்ரீமாண்டில் ஆயுசு முழுக்க லாரி இன்ஜின்களோடு இருந்தவராம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னார். நாலும் காய்ந்து, வெளிறிய காப்பி நிறத்தில் இருந்தன. "ரிங் இல்லை" என்று சொல்லிவிட்டு, டார்ச்சோடு காருக்கு அடியில் போனார்.

டர்போவிலிருந்து ஆயில் சம்புக்குத் திரும்பும் குழாயைப் பம்ப் எதுவும் தள்ளுவதில்லை. ஆயில் தன் கனத்தால்தான் இறங்க வேண்டும். எங்கள் ஹோஸ் சூட்டில் இளகி நடுவில் தொய்ந்து, அங்கே ஆயில் தேங்கியிருந்தது. இறங்க வழியில்லாத ஆயில், டர்போவின் சீலைத் தாண்டி சைலன்சருக்குள் போய்ப் புகைந்தது. அவ்வளவுதான். தன் வண்டியிலிருந்து கெட்டியான ஹோஸ் ஒரு துண்டு எடுத்துவந்து, நேராக இறங்கும்படி அவரே வெட்டி மாட்டினார். மதியத்துக்கு மேல் புகை இல்லை. காசு கொடுக்கப் போனோம், திட்டினார். புளியோதரை கொடுத்தோம், வாங்கிக்கொண்டார். ஜி, ஹோஸ் அப்படியே நிற்கிறது.

டர்போவுக்கு வரும் தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி எறிந்துவிடலாம், கசியும் இடம் குறையும் என்று எங்களில் ஒரு கட்சி இருந்தது. அதைத் தடுத்த சான்டா கிளாரா நண்பரின் அருமை அன்று புரிந்தது. பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜின் நின்றிருக்க வேண்டும், ஓட்டுநர் வெளியே இறங்கியிருக்க வேண்டும். அதாவது, 800, 900 டிகிரிப் புகையைத் தின்றுகொண்டிருந்த டர்போவைச் சட்டென்று நிறுத்தியாக வேண்டும். உள்ளே நிற்கும் ஆயில், அடிபிடித்த பால் பாத்திரம் போலக் கருகி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குழாய் மேல்நோக்கி ஏறும்படி இருந்தால், இன்ஜின் நின்ற பிறகும் வெந்நீர் தானாக மேலேறி, குளிர்ந்த நீர் கீழே வந்து, பம்பே இல்லாமல் சூட்டைக் கொண்டுபோகும். அதோடு, பிட்டுக்கு வருமுன் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்ட வேண்டும் என்றும் எழுதாத சட்டம் போட்டிருக்கிறோம். அதை மீறத் துடிக்கும் ஓட்டுநர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

காருக்குப் பெயின்ட் அடித்த அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு கும்பிடு. பெட்டி மாதிரி இருக்கும் காரை வேறு என்னவாக மாற்றுவது? இப்போது அது சென்னை டவுன் பஸ். முன்னால் '29சி, பெரம்பூர் – பெசன்ட் நகர்' என்று பலகை. பின்னால் 'படியில் பயணம் நொடியில் மரணம்'. லெமன்ஸில் நடுவர்களுக்கு வெளிப்படையாக லஞ்சம் கொடுப்பது வழக்கம். வாங்கிக்கொண்டு, வாங்கியதாகக் கார்மேலேயே முத்திரையும் குத்துவார்கள். அதற்கென்று மைசூர் பாகு கிளறித் தருவதாக மாமி சொல்லியிருக்கிறார். நெய் ஒழுகும் ரகமா, கடிக்கும் ரகமா என்று கேட்டார். ஒழுகும் ரகமே இருக்கட்டும் மாமி, அவர்கள் கையெல்லாம் பிசுபிசுத்தால் கார் விலை ரசீதுகளைப் புரட்டமாட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களே, முதல் தடவை ஸ்டார்ட் செய்த ராத்திரி சைலன்சர் இன்னும் மாட்டியிருக்கவில்லை. கதவைத் தட்டுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தோம். நாற்காலி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். நன்றி. எங்கள் வீடுகளில் உள்ளவர்களுக்கு இந்தக் கடிதத்தில் நன்றி சொன்னால் போதாது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அதை வீட்டிலேயே தீர்த்துக்கொள்கிறோம்.

பந்தயத்துக்கு வருகிறவர்கள் கவனிக்க: பிட் பக்கம் வர மூடிய ஷூ வேண்டும், செருப்போடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொப்பி, தண்ணீர் உங்கள் பொறுப்பு. சாப்பாடு எங்கள் பொறுப்பு. எலுமிச்சம்பழம் நான்கு, முதல் நாள் காலை சக்கரத்துக்கு வைக்க, யாராவது ஒருவர் மட்டும் கொண்டுவாருங்கள். போன தடவை ஆளுக்கு நாலாகக் கொண்டுவந்து ஜூஸ் கடை போடும் நிலைமை ஆகிவிட்டது. மில்பிடாஸ் நண்பருக்கு: டார்க் ரெஞ்ச் பத்திரமாக எங்களிடம்தான் இருக்கிறது. பந்தயத்துக்கு முன்னால் வீல் நட்டெல்லாம் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
வால்வோ 740 குழுவினர்,
ஃப்ரீமாண்ட்