இஸ்திரி அண்ணனைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் புதுவகைக் கண்காணிப்புக் கேமராக்கள் பற்றிய கட்டுரையில், 'சந்தேகத்துக்குரியவர் யார் என்பதை இனி கேமராவே கண்டுபிடித்துவிடும்' என்று ஒரு வரி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பு வாசலில், வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அண்ணன், என் மகளின் பள்ளிச் சீருடை முதல் கல்யாணப் புடவை வரை தேய்த்துக் கொடுத்தவர். போன தை மாதம் குடியிருப்போர் சங்கத்தில் புதுக் கேமரா மாட்டினார்கள். அன்றைக்கே வாட்ச்மேனின் செல்போன் அலற ஆரம்பித்தது. திரையில் அண்ணனைச் சுற்றிச் சிவப்புக் கட்டம், நெடுநேரம் நிற்கிறாராம். பெட்டியில் கரியை விசிறிக்கொண்டிருந்தவர், "நான் என்னம்மா பண்ணேன்?" என்று கேட்டார். அந்த வாரமே வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

கேமரா என்ன கண்டுபிடித்தது, ஐயா? மாட்ட வந்த தம்பி திரையில் வாசலைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்தார், மூன்று நிமிடம் என்று நேரம் வைத்தார், போய்விட்டார். அதற்கு மேல் யார் அங்கே நின்றாலும் அது சத்தம் போடும். நான் ஆட்டோவுக்குக் காத்திருந்தாலும் போடும்.

நல்லதையும் சொல்கிறேன். பழைய கேமரா, வேப்பங்கிளை ஆடினாலும் மழை பெய்தாலும் ராத்திரியெல்லாம் அலாரம் அடிக்கும். புதியது மனிதரையும் வண்டியையும் பிரித்துப் பார்க்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2019-ல் என் கழுத்துச் சங்கிலியைப் பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போனபோது, கேமராப் பதிவில் ஹெட்லைட் வெளிச்சமும் லென்ஸ் மேல் சிலந்திவலையும்தான் இருந்தன. ஏ.கே. விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வந்ததற்குச் சந்தோஷப்பட்டவள் நான். வைத்ததைத் துடைக்கவும் ஆள் வேண்டும் என்று நீங்கள் ஒருநாளும் எழுதியதில்லை.

அப்புறம், 2018-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதிலேயே, கறுத்த பெண்களின் முகங்களில் ஒரு மென்பொருள் நூற்றுக்கு 34 தடவைக்கு மேல் தவறியது. நம் ஊர்ப் பெண்களின் நிறமும் உங்களுக்குத் தெரியும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின், முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருள் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்த செய்தியும் தெரியும். கட்டுரையில் இரண்டுமே இல்லை. உங்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டத்தையும் நேரத்தையும் மனிதர்தான் வைக்கிறார், வேண்டியபோது மாற்றலாம் என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். நான் சொன்னால் சங்கச் செயலாளர் கேட்பதில்லை. பத்திரிகையில் வந்ததை வெட்டி எடுத்துப் போய்க் காட்டுகிறேன். அண்ணன் இப்போது தெருமுனையில் நிழலே இல்லாத இடத்தில் நிற்கிறார். பங்குனி வெயில் வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.