எங்களைக் காணொலியில் விசாரியுங்கள்: குடும்ப நல நீதிமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் குடும்ப நல நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அவர்களை மேற்பார்வையிடும் உயர் நீதிமன்றத்துக்கும்,

வணக்கம். நான் குவைத்தில் செவிலியராக வேலை செய்கிறேன். நானும் என் கணவரும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிய மனுப் போட்டு 15 மாதம் ஆகிறது. நகை, ஜீவனாம்சம் என்று எந்தத் தகராறும் இல்லை, குழந்தையும் இல்லை. பிரிய இருவருக்கும் சம்மதம் என்பதைக் கேட்டுப் பதிவு செய்ய உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக இரண்டு முறை விமானம் ஏறி வந்தேன். முதல் முறை வழக்கறிஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு. அடுத்த முறை நீதிபதி விடுப்பு. அன்று காலை பத்து மணியிலிருந்து வராந்தாவில் நின்றேன். கைப்பையில் பாஸ்போர்ட், மறுநாள் இரவுக்கான டிக்கெட். மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு ஊழியர் வெளியே வந்து அடுத்த வாய்தாவைச் சொன்னார். ஐந்து வாரம் கழித்து. எனக்குக் கிடைத்திருந்த விடுப்பே பத்து நாள்தான்.

நான் இல்லாத வாய்தாக்களுக்கு அப்பா போகிறார். அவருக்கு 71 வயது. இரண்டு பேருந்து மாறிப் போய், என் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து, "பொண்ணு குவைத்துல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். மகளின் மணவிலக்கு வழக்கில் அவள் பெயரை ஊர் கேட்கக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து நிற்பது ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் தேதியை மட்டும்தான் சொல்வார்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரஸ்பர சம்மத மணவிலக்கு மனுப் போட்ட பிறகு காத்திருக்க வேண்டிய ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்றதோடு நிற்கவில்லை. நேரில் வர முடியாதவர்களைக் காணொலியில் விசாரிக்கலாம், பெற்றோரோ உடன்பிறந்தோரோ அவர்கள் சார்பில் வரவும் அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் காணொலி விசாரணைக்கென்றே விதிகள் வகுத்தது. திரையில் இருப்பவர் உண்மையான மனுதாரர்தானா என்ற சந்தேகம் வந்தால், வெளிநாட்டில் இருப்பவரை இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் விசாரிக்க வழி இருக்கிறது. இவ்வளவு இருந்தும், காணொலிக்கு நாங்கள் போட்ட மனுவுக்கு வந்த பதில், "நேரில் வரச் சொல்லுங்க." அதுவும் வாய்மொழியாக. எழுத்தில் ஓர் உத்தரவு இருந்திருந்தால் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுவாவது போட்டிருப்போம். வாய்வார்த்தையை எதிர்த்து எங்கே போவது?

வெளிநாட்டில் இருப்பவர்கள்மீது உங்களுக்கு இருக்கும் சந்தேகம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். மனைவியை இங்கே விட்டுவிட்டுப் போய், சம்மனுக்குப் பதிலே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்களும் இதே வராந்தாவில்தான் நிற்கிறார்கள். அவர்கள் வழக்கில் கடுமையாக இருங்கள், அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் ஓடி ஒளிகிறவரையும், வருகிறேன் என்று இரண்டு பேருமாகக் கையெழுத்துப் போட்டுக் கேட்கிறவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இன்னும் மூன்று மாதத்தில், மனுப் போட்ட நாளிலிருந்து சட்டம் சொல்லும் 18 மாதக் கெடு முடிகிறது. அதன் பிறகு முதலிலிருந்து தொடங்க நேரலாம் என்கிறார் எங்கள் வக்கீல். இன்னொரு முறை விடுப்புக் கேட்டால் வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பணிவோடு கேட்பது இதுதான்: இரு தரப்பும் சம்மதித்த வழக்குகளில் வெளிநாட்டில் இருப்பவர்களைக் காணொலியில் விசாரியுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் மறுத்துவிடுங்கள். நேரில்தான் வர வேண்டும் என்றால், எங்கள் விடுப்பு நாட்களைக் கேட்டுத் தேதி கொடுங்கள். அந்தத் தேதியில் நீதிபதி இல்லையென்றால் பொறுப்பு நீதிபதியாவது எங்களைக் கூப்பிடட்டும்.

அங்கே காலை பத்தரை என்றால் இங்கே எட்டு மணி. அடுத்த வாய்தா அன்று இரவுப் பணி முடிந்ததும் தூங்காமல் காத்திருப்பேன். காணொலி இணைப்பை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குவைத்திலிருந்து ஒரு மனுதாரர்